வீட்டுக்குள் ஒரு சுடுதளம்

கேள்வி: வீட்டு மாடிக் கூடத்தில், பட்டதும் விழும் இரும்புத் தகடுகளை வைத்து .22 ரைபிளில் சுட்டுப் பழகலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: .22-ஐ மறந்துவிடுங்கள். அதற்கு ஆயுத உரிமம் வேண்டும். பழக ரைபிள் கிளப்தான் இடம். வீட்டுக்கு ஏற்றது 4.5 மி.மீ. ஏர் ரைபிள். ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான்.

எஃகுக் குண்டு வேண்டாம். தகட்டில் பட்டு உங்களிடமே திரும்பும். ஈய பெல்லட் போடுங்கள். தகட்டின் மேல்விளிம்பை உங்கள் பக்கம் சாய்த்து வைத்தால் சிதறல் கீழே விழும். அங்கே ஒரு மணல் தட்டு வையுங்கள். தகட்டுக்குப் பின்னால் கதவு, ஜன்னல் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். ஜல்லிக்கட்டு ஊர்க்காரரே, இந்த ஆட்டத்தில் வேகம் வேண்டாம், நிதானம்தான் ஜெயிக்கும்!