ஊர் போய் வந்தபின் இருமலா?

புலாவ் செபாங்கிலிருந்து தமிழகம் சென்று திரும்பும் சகோதரர்கள் சிலருக்கு ஓரிரு வாரத்தில் வறட்டு இருமலும் இழைப்பும் காண்பதுண்டு. காசமோ, ஆஸ்துமாவோ என்று அஞ்சுவார்கள். வயிற்றுப் புழுவும் காரணமாகலாம்.

கழுவாத கீரையோடு உள்ளே போன நாக்குப்பூச்சி முட்டை குடலில் பொரிகிறது. குஞ்சுகள் இரத்த வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மீண்டும் குடலைச் சேர்கின்றன. வெறுங்காலில் துளைத்து நுழையும் கொக்கிப்புழுவுக்கும் நுரையீரல்தான் வழி. ஜப்பானிய டாக்டர் கோய்னோ 1922இல் 2000 முட்டைகளைத் தாமே விழுங்கினார். என்ன துணிச்சல்! நுரையீரல் அழற்சி கண்டது. அவர் சளியிலேயே குஞ்சுகள் இருந்தன.

இருமும் நாளில் மலத்தைச் சோதித்தால் பெரும்பாலும் முட்டை தெரியாது. நாக்குப்பூச்சி முட்டையிட இரண்டு மாதத்துக்கு மேலாகும். இரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருப்பதே தடயம். ஆகவே டாக்டரிடம் பயணத்தைச் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் புழு உடலில் இருக்க, இழைப்புக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை உண்டால், அது உடலெங்கும் பெருகி உயிருக்கே உலை வைக்கக்கூடும்.