தரை கழுவும் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கீழ்க்கட்டளையில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 40. ரேடியல் சாலையில் உள்ள ஓர் ஐ.டி. வளாகத்தில் ஏஜென்சி மூலம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். சம்பளம் 14,000 ரூபாய், பேங்க்கில் போட்டுவிடுவார்கள். உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஸ்க்ரப்பர் வண்டியில் ராத்திரி பார்க்கிங் தளத்தைக் கழுவுவது அவர் வேலை. 2025 அக்டோபரில் ஓர் இரவு, மேல் பேஸ்மென்ட் முடிந்ததும் வண்டியைச் சரிவு வழியாகவே கீழ் பேஸ்மென்ட்டுக்கு இறக்கச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். டேங்க் நிறையத் தண்ணீர். பாதிச் சரிவில் வண்டி வழுக்கி வேகமெடுத்திருக்கிறது. இவர் குதிக்கப் பார்த்து, கால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. சீட்டைவிட்டு எழுந்தால் வண்டி தானாக நின்றுவிட வேண்டுமாம். அதற்கான சுவிட்ச் ஒயரை மெக்கானிக் முன்பே முறுக்கி இணைத்துவிட்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். ஏஜென்சிக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 20,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது கேட்டால், ‘லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார், சரிவில் இறக்கக் கூடாது என்பது ரூல், அவர் பெயரில் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை’ என்கிறார். வளாக மேனேஜர், ‘அவர் எங்க ஆளே இல்லை’ என்கிறார். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? இதற்கிடையே என் தம்பியை அதே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அவன் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, கீழ்க்கட்டளை

பதில்: கிடைக்கும், சகோதரி. ஏஜென்சிக்காரர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட உங்கள் வழியை அடைக்காது. லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பலரை வாயடைக்க வைப்பது அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 2(28) பிரிவு, சாலையில் ஓடத் தகுந்ததாக அமைத்த வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ சுற்றி அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும் தனி வகை வண்டிகளை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. பேஸ்மென்ட்டில் தரை தேய்க்கிற ஸ்க்ரப்பர் இந்த விலக்குக்குள் வருகிறது. அதற்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கேட்க முடியாது. இதில் உங்களுக்குப் பாதகமான பக்கமும் உண்டு. வண்டிக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் இல்லாததால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. யாராவது ‘எம்.ஏ.சி.டி. கேஸ் போடலாம்’ என்று வக்காலத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைசென்ஸ் தேவையில்லை என்பதற்காகப் பயிற்சியும் தேவையில்லை என்று ஆகிவிடாது. பயிற்சி கொடுக்க வேண்டியவர் வேலைக்கு வைத்தவர். உங்கள் கணவருக்கு யார், எப்போது, எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள், அதற்குக் கையெழுத்துப் பதிவேடு இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வருவதில்லை. அந்த மௌனமே பின்னால் விசாரணையில் உதவும்.

அடுத்து ஈ.எஸ்.ஐ. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவரைப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் வைத்தால், அவரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது சட்டக் கட்டாயம். சம்பளத்தில் நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். ஏஜென்சி கட்டாவிட்டால்? ஈ.எஸ்.ஐ. சட்டம், 1948-இன் 40-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் முதலில் கட்ட வேண்டியவர் பிரதான முதலாளி, அதாவது அந்த வளாகத்தை நடத்துபவர். கட்டிய பணத்தை ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. ‘எங்க ஆளே இல்லை’ என்கிற பேச்சு இந்தப் பிரிவுக்கு முன்னால் நிற்காது.

‘அவர் பெயரில் ஈ.எஸ்.ஐ. இல்லை’ என்பதற்கும் பதில் இருக்கிறது. பாரகத் இன்ஜினியரிங் எதிர் ரங்கநாயகி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சந்தா கட்டப்பட்டதா என்பது முக்கியமில்லை, கட்டப்பட வேண்டியவராக இருந்தால் அவர் காப்பீடு பெற்றவர்தான். அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. முதலாளி கட்டாமல் விட்டால், ஈ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68-ஆம் பிரிவு வழி செய்கிறது. வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

‘ரூலை மீறினார்’ என்பதுதான் அவர்கள் கடைசியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப்போகும் வாதம். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51-பி பிரிவை அப்படியே எடுத்து வையுங்கள். விதியையோ உத்தரவையோ மீறிச் செய்தாலும், முதலாளி சொல்லாமலே செய்தாலும், அந்தக் காரியம் முதலாளியின் தொழிலுக்காகச் செய்தது என்றால், அந்த விபத்து வேலையால் வந்த விபத்தாகவே கருதப்படும். கீழ் பேஸ்மென்ட்டைக் கழுவத்தான் அவர் வண்டியை இறக்கினார். ஊர் சுற்ற இல்லை. அதுவும் சூப்பர்வைசர் சொல்லித்தான் இறக்கினார்.

என்ன கிடைக்கும்? வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் தினச் சம்பளத்தில் 90 சதவீதம். 14,000 ரூபாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 420 ரூபாய் வரும். ஊனம் தீரும்வரை வரும். இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பு இல்லை. கணுக்கால் பழைய நிலைக்கு வராவிட்டால் மருத்துவக் குழு வருமான இழப்பைச் சதவீதமாக நிர்ணயிக்கும். அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். இனிமேல் சிகிச்சை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில். அவசரத்துக்குத் தனியாரிடம் போன செலவைத் திரும்பக் கேட்டும் மனு கொடுக்கலாம். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எதையும் தொலைக்காதீர்கள். தற்காலிக ஊனப் பலனை வாங்கும் காலத்தில் அவரை வேலையைவிட்டு நீக்குவதையும் 73-ஆம் பிரிவு தடுக்கிறது.

விபத்து அறிக்கையைப் படிவம் 12-இல் அனுப்ப வேண்டியவர் முதலாளி. காயம் பெரிதென்றால் உடனே, மற்றபடி 24 மணி நேரத்துக்குள். அனுப்பியிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள ஈ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்துக்கு நீங்களே பதிவுத் தபாலில் எழுதுங்கள். விபத்து நாள், நேரம், இடம், ஏஜென்சி பெயர், வளாகத்தின் பெயர், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டையின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். மறுத்தால் 75-ஆம் பிரிவின்படி ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஏஜென்சியும் வளாகமும் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள்ளேயே வராது என்று ஆனால் மட்டும் இரண்டாவது வழி, ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடுக்கிறது. இந்த வழியிலும் 12-ஆம் பிரிவின்படி வளாகத்தாரை நேரடியாகப் பிடிக்கலாம். தற்காலிக ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒரு முறை, அதாவது உங்களுக்கு 3,500 ரூபாய். நிரந்தர இழப்புக்குக் கணக்கு வேறு. மருத்துவர் 15 சதவீத வருமான இழப்பு என்று சான்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 8,400. நாற்பது வயதுக்கான காரணி 184.17. இரண்டையும் பெருக்கி அதில் 15 சதவீதம் எடுத்தால் 2,32,054 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு தனி. பணம் தராமல் இழுத்தால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. சதவீதத்தை நிர்ணயிக்கும்போது அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு தச்சருக்கு இடது கை போனது. தச்சு வேலை ஒற்றைக் கையால் நடக்காது என்பதால், அது முழு ஊனமே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ராத்திரி முழுக்கப் பிரேக் மிதியை மிதித்து வண்டி ஓட்டுகிற வேலையில் கணுக்காலுக்கு என்ன மதிப்பு என்பதை உங்கள் வக்கீல் வலியுறுத்த வேண்டும்.

இந்த 1923 சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினாலோ, வெளிப்படையாகச் சொன்ன பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ முதலாளி தப்பிக்கலாம். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஆனால் இந்தத் தப்பும் கிடையாது. ஆகவே சீட் சுவிட்ச் ஒயரை முறுக்கியது யார் என்பது முக்கியமான கேள்வி. மெக்கானிக் என்கிறீர்கள். சர்வீஸ் பதிவேடு, மெக்கானிக் அனுப்பிய வாட்ஸ்அப் தகவல், கூட வேலை செய்தவர்களின் சாட்சி எதுவாக இருந்தாலும் சேர்த்து வையுங்கள். வண்டியின் பெயர்ப் பலகையை, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயரை, பிரேக் மிதியைத் தம்பி போட்டோ எடுத்து வைக்கட்டும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் இருக்குமோ என்னவோ. இருந்தாலும் பாதுகாத்து வைக்கும்படி வளாகத்துக்கு இன்றே எழுதுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும்.

அந்தக் கையெழுத்து? வெற்றுக் காகிதம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவு. சிகிச்சைக்கென்று கொடுத்த 20,000 ரூபாயை இழப்பீட்டில் கழிக்கவும் முடியாது.

காலக்கெடு 1923 சட்டத்தில் இரண்டு ஆண்டு. உங்களுக்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். மனுவை ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டம் போய்விட்டது என்று யாராவது குழப்புவார்கள். விபத்து அக்டோபரில் நடந்தது. அப்போது பிறந்த உரிமையைச் சட்டம் மாறியது பறிக்காது. பொது விதிகள் சட்டம், 1897-இன் 6-ஆம் பிரிவு அதற்குக் காவல்.

போலீஸ் புகாரும் கொடுக்கலாம். இயந்திரத்தை அலட்சியமாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவில் குற்றம். எல்லைப் பிரச்சினை சொல்லி அலையவிட்டால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். ஆனால் குற்ற வழக்கு உங்களுக்குப் பணம் தராது என்பதையும் மனத்தில் வையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100-க்கு அழைத்தாலும் போதும்.

இனி தம்பி. இவரது நிலை வேறு. புதிய தொகுப்புதான் இவருக்குப் பொருந்தும். பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 14-ஆம் பிரிவுப்படி, தன் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகப் பட்டால், முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அனுப்பியதை அழிக்காமல் வைத்தால் அதுவே பதிவு. பணி நியமனக் கடிதமும் கேட்டு வாங்கட்டும்.

கேட்க வேண்டிய முதல் தகவல், வண்டியின் கையேட்டில் அந்த மாடலுக்கு எத்தனை டிகிரி சரிவுவரை போகலாம் என்று போட்டிருக்கிறது என்பது. பேட்டரியும் தண்ணீருமாக ஓர் ஆள் உட்கார்ந்த பெரிய வண்டி அரை டன்னைத் தொடும். டேங்க் நிரம்பிய வண்டி சரிவில் இறங்கும்போது தண்ணீர் முன்பக்கம் குலுங்கும். பிரஷ் சுழன்றுகொண்டிருந்தால் சோப்புத் தண்ணீர் சக்கரத்துக்கு அடியிலேயே விழுந்து பிடிப்பைப் போக்கும். உங்கள் கணவருக்கு நடந்தது ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். கையேடு அனுமதிக்கும் சரிவாக இருந்தால்கூட டேங்க்கைக் காலி செய்து, பிரஷ்ஷையும் பின்னால் தண்ணீர் வழிக்கும் ரப்பர் பட்டையையும் தூக்கிவிட்டு, திருப்பாமல் நேராக, மெல்ல இறக்க வேண்டும். அனுமதிக்காவிட்டால் சூப்பர்வைசர் கத்தினாலும் இறக்கக் கூடாது. சரக்கு லிஃப்ட் இருந்தால், அது அத்தனை எடை தாங்குமா என்று அதன் பலகையைப் பார்த்துவிட்டு ஏற்றட்டும்.

வண்டியில் ஏறியதும் வேலையைத் தொடங்காமல் ஒரு நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். சமதளத்தில் மெல்ல நகர்த்தி சீட்டைவிட்டு லேசாக எழுந்தால் வண்டி நிற்கிறதா, சிவப்பு அவசர பட்டனை அமுக்கினால் மின்சாரம் துண்டிக்கிறதா, ஹார்ன் அடிக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் வண்டியை எடுக்கக் கூடாது. இதுவும் வாட்ஸ்அப்பில் போகட்டும்.

சார்ஜ் போடும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம்-அமில பேட்டரி சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். கதவை அடைத்த ஸ்டோர் ரூமில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டு ஆட்கள் அங்கேயே படுத்துத் தூங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல் சார்ஜ் செய்ய வேண்டும். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகே நிரப்ப வேண்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அந்தக் கையுறையையும் கண்ணாடியையும் வாங்கித் தருவது ஏஜென்சியின் பொறுப்பு. சம்பளத்தில் பிடித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.