முதல் சம்பளமும் வீட்டுச் செலவும்

பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பையும் ஈராண்டு தேசிய சேவையையும் முடித்த இளையர் ஒருவர் வேலையில் சேர்கிறார். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு ஊழியர் பங்காக 20 விழுக்காடு, அதாவது 520 வெள்ளி, செல்கிறது. எஞ்சுவது 2,080 வெள்ளி. அதில் ஒரு பகுதியை அவர் வீட்டுச் செலவுக்குக் கொடுக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் இக்கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. திருமணமாகாத குடிமக்கள் பொதுவாக 35 வயதில்தான் வீவக வீட்டைத் தனியாக வாங்க முடியும். ஆகவே, சம்பாதிக்கத் தொடங்கிய பின்னரும் பலர் நெடுங்காலம் பெற்றோருடனேயே வாழ்கின்றனர்.

கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒரு சாராரின் கருத்து. பெற்ற பிள்ளையிடம் சோற்றுக்குக் காசு வாங்குவதா என்று அவர்கள் கேட்கின்றனர். வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் சேமித்தால்தான் படிப்புக் கடனை அடைக்கவும் சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்க்கவும் முடியும் என்பது அவர்களின் வாதம்.

மற்றொரு சாரார் இதை ஏற்பதில்லை. மின்சாரம், தண்ணீர், மளிகை, நகர மன்றக் கட்டணம் ஆகியவை மாதந்தோறும் தவறாமல் வருபவை. அவற்றில் பங்கேற்காதவர், சம்பளம் முழுவதும் தம் கைச்செலவுக்கே என்று எண்ணிப் பழகிவிடுவார்; பின்னர்த் தனிக்குடித்தனம் நடத்தும்போது தடுமாறுவார் என்கின்றனர்.

சட்டமும் இதில் ஓர் எல்லை வரை பேசுகிறது. 1995ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத, 60 வயதைக் கடந்த பெற்றோர் அதன்கீழ்ப் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். ஆயினும், சட்டத்தை நாடும் நிலை வந்துவிட்டால் அக்குடும்பத்தின் உறவு ஏற்கெனவே நலிந்துவிட்டது என்றே பொருள்.

அந்த இளையர் முதல் சம்பளத்தில் 400 வெள்ளியை அம்மாவிடம் நீட்டினார். "எனக்கு எதுக்குப்பா பணம்? நீயே சேர்த்து வை," என்றார் அம்மா. மகனும் மகிழ்ச்சியோடு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதங்கள் கழிந்தன. டாக்சி ஓட்டும் அப்பா, 62 வயதிலும் ஞாயிறு இரவுகளில் வேலைக்குக் கிளம்புவதை மகன் கவனித்தார். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை அவர் இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். அம்மாவின் 'வேண்டாம்' பாசத்தில் பிறந்த சொல். வீட்டில் பணம் போதும் என்பது அதன் பொருளன்று என்று மகனுக்கு அப்போதுதான் புரிந்தது.

இம்முறை அவர் பணத்தை நீட்டவில்லை. கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கினார். மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணங்களைத் தம் வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஏற்பாடு செய்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இரவு அப்பா வீட்டிலேயே இருந்தார்.

எவ்வளவு கொடுப்பது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். கடன் சுமை உள்ளவர் குறைவாகக் கொடுக்கலாம். வேலை இழந்தவர் சமையலிலும் முதியோரை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதிலும் கைகொடுக்கலாம். ஆனால், பெற்றோர் கேட்கட்டும் என்று பிள்ளையும், பிள்ளையே உணரட்டும் என்று பெற்றோரும் காத்திருந்தால், வீட்டின் தேவை யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். ஒருநாள் உணவு மேசையில் மனம்விட்டுப் பேசினால் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வரும்.