உடம்புக்குள்ளும் ஒரு செக்கிங்



பனியன் கம்பெனியில் தைத்த பீஸ் செக்கிங்குக்குப் போகும். டேமேஜ் இருந்தால் சரிசெய்வோம்; முடியாவிட்டால் ஒதுக்குவோம். செக்கிங் தளர்ந்தால் டேமேஜ் பீஸும் பெட்டிக்குள் போய்விடும்.

நம் உடம்பிலும் இப்படித்தான். ஏறக்குறைய எல்லா செல்லிலும் டி.என்.ஏ. இருக்கிறது. செல் பிரியும்போது அதைப் படி எடுப்பதில் சில பிழைகள் விழும். புகையிலையும் சில ரசாயனங்களும் பிழையைக் கூட்டும். அதனால்தான் சில அசோ சாயங்களை நம் அரசு 1997-ல் தடை செய்தது. பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருந்தாதவை வருஷக்கணக்கில் சேர்ந்தால் செல் கட்டுக்கடங்காமல் பெருகும். அதுதான் புற்றுநோய்.

சிலருக்குப் பிழை திருத்தும் பி.ஆர்.சி.ஏ. மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்கும். அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். சில வகை ஹெச்.பி.வி. வைரஸ் பல வருஷம் தங்கினால், செக்கிங் செய்யும் புரதத்தையே அழித்து, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

ஆகவே இது சாபம் இல்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது.

என்ன செய்யணும்? 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு இருந்தால் "வலிக்கலையே" என்று தள்ளிப்போடாதீங்க. ஒரு ஷிப்ட் சம்பளம் போனாலும் போங்க.

குழுக் கூட்டத்தில் பேச: நம்மில் 30 தாண்டியவர்கள் எத்தனை பேர்? பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?