நோன்பும் மலச்சிக்கல் மருந்தும்

ரமளான் வந்தால் வயது முதிர்ந்த பலருக்கு மலச்சிக்கல் கூடிவிடுகிறது. பகலில் தண்ணீர் இல்லை. நோன்பு திறந்ததும் வடை, சமோசா, தேநீர் என்றே வயிறு நிரம்பிவிடுகிறது. “இனிமா எடுத்தால் நோன்பு முறியுமா? ஆசனவாயில் வைக்கும் மாத்திரை கூடுமா?” என்று கேட்க வெட்கப்பட்டு, வேதனையைச் சகித்துக்கொண்டிருப்போர் உண்டு. மார்க்கச் சட்டத்தை அறிந்துகொள்வதில் வெட்கம் வேண்டியதில்லை.

திண்டுக்கல் வட்டாரத்து இராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபினர். கடற்கரை ஊர்களிலிருந்து மணமுடித்து வந்தவர்கள் ஷாஃபிஈயாக இருக்கலாம். ஆயினும் இந்த மஸ்அலாவில் இரு மத்ஹபும் ஒன்றே. பகலில் இனிமா எடுத்தாலும், மாத்திரையை உள்ளே செலுத்தினாலும் நோன்பு முறியும். திறந்த வழியாக மருந்து உடலுக்குள் சேர்வதே காரணம். அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும், கப்பாரா இல்லை. மாலிகீ மத்ஹபில் நீர் மருந்தால் மட்டுமே முறியும். கட்டி மருந்தால் முறியாது.

இரவில் தடையேதும் இல்லை. கிளிசரின் மாத்திரை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யும். ஆகவே தராவீஹுக்குப் பின்போ, சஹருக்கு முன்போ வைத்துக்கொள்ளலாம். சுப்ஹுக்கு முன் வைத்த மருந்து உள்ளேயே தங்கினாலும், பிறகு வெளியேறினாலும் நோன்புக்குக் குறைவில்லை. மருந்தோ மலமோ வெளிவந்தால் ஒளு முறியும். சுத்தம் செய்து ஒளு எடுத்தால் போதும், குளிப்புக் கடமையாகாது.

பகலிலேயே வேதனை மிகுந்தால்? நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் சலுகை தருகின்றன. அச்சலுகையை ஏற்பதில் குற்றமில்லை.

சில எச்சரிக்கைகள்: சோப்புத் தண்ணீரை ஏற்றுவது குடலைப் புண்ணாக்கும். சிறுநீரக நோயுள்ளவர்களும் முதியவர்களும் பாஸ்பேட் இனிமாவை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கலாகாது. கடும் வயிற்றுவலி, வாந்தி, காற்றும் பிரியாமை, இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் இனிமா கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

வராமல் காப்பதே மேல். இஃப்தார் முதல் சஹர் வரை சிறுகச் சிறுகத் தண்ணீர் அருந்துங்கள். பொரித்ததைக் குறைத்து, கஞ்சியோடு கீரையும், நமது ஆயக்குடிக் கொய்யாவும் சேருங்கள். மலம் வரும்போது அடக்காதீர்கள்.

தாய் தந்தையரிடம் இதை மென்மையாகக் கேட்டறிவது பிள்ளைகளின் கடமை. அவர்களாக வாய்திறக்க மாட்டார்கள். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.