ஒரு படியும் பல படியும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார், நன்னூல் செய்த பவணந்தி முனிவர். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். முன்னர்ச் சொன்னதையே பயனின்றிப் பின்னரும் சொல்லுதல் ஏட்டை நிரப்புமேயன்றிக் கற்பார் உள்ளத்தை நிரப்பாது. நூலுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம் இக்காலத்துப் பெருங்களஞ்சியம் ஒன்றுக்கும் பொருந்துகின்றது. அதுவே இணையவழிச் சேமிப்பகம்.

கடிதம், படம், பாட்டு, பாடக்குறிப்பு முதலியவற்றை மக்கள் இன்று தத்தம் கணினியிலும் கைப்பேசியிலும் மட்டும் வைப்பதில்லை. தொலைவில் உள்ள பெரிய கணினிக்கூடங்களில் இணையத்தின் வழியாகச் சேமித்து வைக்கின்றனர். எழுத்தாயினும், ஒலியாயினும், ஓவியமாயினும், யாவும் அங்கே 0, 1 என்னும் ஈரெண்களின் வரிசையாகவே இருக்கும். இக்களஞ்சியம் பலருக்கும் பொதுவானது. பலர் ஆளும் இடத்தில் ஒரே பொருள் பலமுறை வந்து குவிதல் இயல்பு.

ஆசிரியர் ஒருவர் 5 மெகாபைட்டு அளவுள்ள பாடக்கோப்பு ஒன்றை மாணாக்கர் 40 பேருக்கு அனுப்புகின்றார் எனக் கொள்க. நாற்பதின்மரும் அதனைத் தத்தம் பெயரால் சேமித்தால் 200 மெகாபைட்டு இடம் வேண்டும். ஆயின், அங்கே உள்ள செய்தியோ 5 மெகாபைட்டே. எஞ்சிய 195 மெகாபைட்டும் கூறியது கூறலேயன்றோ! கோப்புகளைத் தாங்கும் வட்டுகளுக்கு விலை உண்டு. அவற்றை இயக்கவும், அவற்றின் வெப்பத்தைத் தணிக்கவும் மின்சாரம் செலவாகும். ஆதலின், மிகையான படிகளைக் களைதல் சேமிப்பகம் காப்போரின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று.

இரண்டு கோப்புகள் ஒன்றே என அறிவது எவ்வாறு? பெயர் இதற்கு உதவாது. ஒரே கோப்புக்கு ஒருவர் 'பாடம்' என்றும், மற்றொருவர் 'தேர்வு' என்றும் பெயரிடுவர். வேறுவேறான கோப்புகள் ஒரே பெயரைத் தாங்கி நிற்றலும் உண்டு. எல்லாக் கோப்புகளையும் ஒன்றோடொன்று எழுத்தெழுத்தாக ஒப்பிடப் புகுந்தாலோ காலம் போதாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கக் கணித அறிஞர் ஒரு வழி கண்டனர். கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறுவதே அவ்வழி. மனிதனுக்குக் கைரேகை எத்தகையதோ, கோப்புக்கு அவ்வெண் அத்தகையது. ஒரே உள்ளடக்கத்தை எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே எண்தான் வரும். 'மலை' என்பது 'மழை' என மாறினாலோ எண் அடியோடு வேறுபட்டுவிடும்.

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த குவின்லன், டோர்வர்டு என்னும் இருவர், 'வெண்டி' என்னும் சேமிப்பு முறையை 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் ஒவ்வொரு கூறும் தன் கைரேகை எண்ணையே தன் முகவரியாகக் கொண்டது. முன்பே உள்ள கூறு மீண்டும் வந்தால், அதன் முகவரியில் அதுவே இருக்கக் காணலாம். ஆகவே, மறுமுறை எழுதவேண்டுவதில்லை.

வெண்டி கையாண்ட 'ஷா-1' என்னும் கணக்கீடு 160 இலக்கமுள்ள ஈரெண்ணைத் தருவது. அதுவும் குறைவற்றதன்று எனப் பின்னர்ப் புலப்பட்டது. உள்ளடக்கத்தால் வேறுபட்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு செய்து காட்டினர், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வாளரும் கூகிள் நிறுவனத்தாரும். இது நிகழ்ந்தது 2017-ஆம் ஆண்டில். இரண்டையும் ஒன்றென மயங்கினால், ஒருவர் கேட்ட கோப்புக்கு மாறாக வேறொன்று அவர் கைக்கு வரும். ஆதலால், 256 இலக்கமுள்ள 'ஷா-256' போன்ற வலிய கணக்கீடுகள் மேற்கொள்ளப்படுகின்றன. அவ்வகையில் அமையக்கூடிய எண்கள் எத்தனை என்பதை எழுதிக்காட்டவே 78 இலக்கங்கள் வேண்டும்.

முழுக்கோப்பும் ஒத்திருந்தால்தான் இம்முறை பயன்படுமோ எனின், அன்று. கோப்பைச் சிறு கூறுகளாக்கி, ஒத்த கூறுகளை மட்டும் ஒருமுறை வைக்கலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் நுட்பம் இருக்கின்றது. ஓலைச்சுவடி ஒன்றைப் படியெடுப்பவர், தொடக்கத்தில் புதிதாக ஒரு செய்யுளைச் சேர்த்துவிட்டார் எனக் கொள்க. ஏடு ஏடாக ஒப்பிட்டால், பின்வரும் ஏடுகளில் எல்லாம் வரிகள் நகர்ந்திருக்கும்; ஒன்றும் ஒவ்வாது. செய்யுள் செய்யுளாக ஒப்பிட்டாலோ, புதிய ஒன்று நீங்கலாக மற்றவை அனைத்தும் ஒக்கும். அதுபோலவே, கோப்பை ஒரே அளவாக வெட்டாமல், அதன் உள்ளடக்கத்தில் குறித்த கணக்கு ஒன்று பொருந்தி வரும் இடந்தோறும் வெட்டுதல் சிறப்புடையது. இவ்வழியைக் கையாண்ட கோப்பு முறை ஒன்றை மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தாரும் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தாரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இங்கே ஓர் ஐயம் எழும். நாற்பதின்மருக்கும் ஒரே படி என்றால், அவருள் ஒருவர் தம் கோப்பை அழித்தால் மற்றவர் நிலை என்னாகும்? இதற்கென ஒவ்வொரு கூறுக்கும் அதனைச் சுட்டுவோர் தொகை குறித்துவைக்கப்படும். ஒருவர் அழித்தால் 40 என்பது 39 ஆகும், கூறு அழியாது. தொகை சுழியான பின்னரே அக்கூறு நீக்கப்படும். ஒருவர் தம் கோப்பைத் திருத்தினாலும் பொதுப்படி மாறுவதில்லை. திருந்திய கூறு மட்டும் அவர்க்கெனப் புதிதாக எழுதப்படும்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. சேமிப்பகம் ஒரு கோப்பைப் பெறுமுன், "இது முன்பே இங்கு உள்ளது, அனுப்ப வேண்டா" என்று சொல்லுமாயின், அதுவே ஒரு மறையை வெளிப்படுத்திவிடும். அக்கோப்பு வேறு ஒருவரிடம் உள்ளது என்பதை அயலார் அதனால் உணர்வர். இத்தீங்கை இசுரேல் நாட்டு ஆய்வாளர் மூவர் 2010-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். முன்பே உள்ள கோப்பாயினும் முழுவதையும் பெற்றுக்கொண்டு, பின்னர் உள்ளே மிகையைக் களைதல் இத்தீங்கைத் தவிர்க்கும் ஒரு வழி. இடம் சுருங்குவதற்காகப் பிறர் மறையைப் பலியிடுதல் தகாது.

இதனினும் பெரியதோர் இடர் உண்டு. நாற்பதின்மர் நம்பியிருக்கும் அவ்வொரு படி பழுதுற்றால் நாற்பதின்மரும் ஒருங்கே இழப்பர். தமிழுலகம் இவ்விழப்பை நன்கறியும். செல்லரித்தும், தீப்பட்டும், நீரில் நனைந்தும் அழிந்த சுவடிகள் பல. எஞ்சிய நூல்கள் எஞ்சியமைக்குக் காரணம் யாது? அவற்றுக்குப் படிகள் பல இருந்தமையே. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது, பலரிடமிருந்து திரட்டிய ஏட்டுப்படிகளை ஒப்புநோக்கியே உண்மைப் பாடத்தைத் துணிந்தார். ஒரு படி போதும் என்று முன்னோர் கருதியிருந்தால் அவர் கைக்கு எட்டியது என்னவாக இருந்திருக்கும்!

இவ்வுண்மையைக் கணினி வல்லுநரும் உணர்ந்துள்ளனர். கூகிள் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட கோப்பு முறையில், ஒவ்வொரு கூறுக்கும் பொதுவாக மூன்று படிகள் வெவ்வேறு கணினிகளில் வைக்கப்பட்டன. மிகையைக் களைந்தபின் மீண்டும் படி பெருக்குவது முரணன்றோ எனின், அன்று. எங்குள்ளன, எத்தனை உள்ளன என்றறியாமல் தாமே குவிந்த நாற்பது படிகள் சுமை. எண்ணி, இடம் தேர்ந்து, காவலுக்கென வைத்த மூன்று படிகள் அரண். கூறியது கூறலைக் குற்றம் என்ற இலக்கணமே, அச்சம் தோன்றும் இடத்தில் "பாம்பு! பாம்பு!" என அடுக்கிச் சொல்வதைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

மாணவர்களே! ஒரு கோப்பைப் பலருக்குத் தரவேண்டுமாயின், படிகளை அனுப்பாமல் அதன் இணைப்பை அனுப்புங்கள். இழக்கலாகாத ஒன்றாயின், அதற்கு மற்றொரு படியை வேறோர் இடத்தில் வையுங்கள். ஒன்றை அழிக்கும் முன், அது மிகையா, அன்றி எஞ்சியுள்ள ஒன்றா என்று ஆராயுங்கள். பயனற்ற பெருக்கத்தைத் தவிர்த்தல் சிக்கனம். வேண்டிய படியையும் வையாது விடுதல் சோர்வு. இரண்டையும் வேறுபடுத்தி அறிவோரே களஞ்சியத்தைக் காக்க வல்லார்.

பயிற்சி வினாக்கள்

1. கோப்புகள் ஒன்றே என அறியப் பெயர் உதவாமைக்குக் காரணம் யாது?
2. ஏடு ஏடாக ஒப்பிடுதற்கும் செய்யுள் செய்யுளாக ஒப்பிடுதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. ஒருவர் தம் கோப்பை அழித்தாலும் மற்றவர் கோப்பு அழியாதிருப்பது எவ்வாறு?
4. "நாற்பது படிகள் சுமை, மூன்று படிகள் அரண்" என்பதன் கருத்தைப் புலப்படுத்துக.