தலைப்பும் ஓர் அமானிதம்

உயர்தர வகுப்பில் செயற்றிட்டம் செய்யும் மாணவியாகட்டும், பல்கலைக்கழக இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும் பழைய மாணவியாகட்டும், என்னிடம் வந்து முதலில் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "டீச்சர், நல்ல தலைப்பொண்டு சொல்லித் தாங்களேன்." தலைப்புக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் ஒரு தவணைக் காலம் முழுவதும் வீணானது. அந்த அனுபவத்தைக் கொண்டே, ஒரு பண்புசார் ஆய்வை எவ்வாறு திட்டமிடுவது, அதற்கு எவ்வாறு பெயரிடுவது என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

பண்புசார் ஆய்வு என்றால் என்ன?

எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை வீதம் என்று கேட்பது அளவுசார் ஆய்வு. ஒரு விடயம் எப்படி நடந்தது, அதை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்று கேட்பது பண்புசார் ஆய்வு. நேர்காணல், அவதானிப்பு, குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றால் கிடைப்பனவும், கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம் போன்றனவும் இதற்குத் தரவுகளாகும்.

எமக்கு அருகிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. குண்டசாலையிலிருந்து மஹியங்கனை வீதியில் திகனவைத் தாண்டிச் சென்றால் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். மகாவலி கங்கையை மறித்துக் கட்டப்பட்ட 122 மீற்றர் உயரமான அதன் அணை, 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரின் வருகையோடு திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்குள் மறைந்தது. கடும் வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் வெளியே தெரிவதுண்டு.

எத்தனை ஏக்கர் மூழ்கியது, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பவை அளவுசார் வினாக்கள். அவற்றுக்குத் திட்ட ஆவணங்களில் விடை தேடலாம். அந்த ஊரில் வளர்ந்த ஒருவர், அதைக் கண்டிராத தன் பேரப்பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக் காட்டுகிறார் என்பது பண்புசார் வினா. அதற்கான விடையை அவர் வீட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் இருந்துதான் கேட்க வேண்டும்.

எனது முதல் தலைப்பு

நான் எடுத்துக்கொண்டதும் இந்த விடயத்தைத்தான். "விக்டோரியா நீர்த்தேக்கத் திட்டத்தினால் பாதிக்கப்பட்ட மக்களின் சமூக, பொருளாதார, கலாசார நிலைமைகள்" என்று அழகாகத் தட்டச்சுச் செய்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் ஓரத்தில் பென்சிலால் மூன்று வினாக்களை எழுதித் திருப்பித் தந்தார். எந்த மக்கள்? எந்தக் காலம்? பாதிக்கப்பட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

முதல் இரண்டுக்கும் விடை எழுதினேன். மூன்றாவது வினா எனக்குக் கோபத்தையே தந்தது. ஊரையே இழந்தவர்கள் பாதிக்கப்படாமல் எப்படி இருப்பார்கள்? தலைப்பை மாற்றாமல், நாற்பது வினாக்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை அச்சிட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்றேன். வருமானம் கூடியதா, குறைந்ததா? வசதி உண்டா, இல்லையா? ஒரு தவணை முடிந்தபோது என்னிடம் நிறையப் புள்ளடிகள் இருந்தன. அவற்றை வைத்து எழுத ஒரு பந்திகூட வரவில்லை.

அப்போதுதான் திகனப் பக்கம் குடியேறியிருந்த ஓர் உம்மம்மாவைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வினாக்கொத்தின் மேலே இருந்த தலைப்பை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பாதிக்கப்பட்ட ஆக்கள் எண்டு எங்களப் போட வாணாம் மகள். ஊருதான் தண்ணிக்குள்ள போன. நாங்க போகல்லியே."

வினாக்கொத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். அஸருக்குப் பின் தொடங்கியவர் மஃரிப் பாங்கு சொல்லும்வரை பேசினார். ஒரு வரட்சியில் நீர் வற்றியபோது மகனோடு அங்கே போனாராம். சேறு வெடித்துக் கிடந்த நிலத்தில் ஒரு கற்படிக்கட்டு மட்டும் அடையாளம் தெரிந்ததாம். அதிலிருந்து காலடியால் அளந்து, கடைத்தெரு இது, கிணறு இது, எங்கள் வீட்டு முற்றம் இது என்று மகனுக்குக் காட்டினாராம். விட்டு வந்த தென்னைகளை நினைத்து வருந்தினார். புதிய இடத்துக்கு வந்ததால்தான் பெண்பிள்ளைகள் உயர்தரம்வரை படித்தார்கள் என்றும் சொன்னார். இவை இரண்டையும் "பாதிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்க முடியாது. மேற்பார்வையாளர் கேட்ட மூன்றாவது வினாவின் பொருள் எனக்கு அன்று விளங்கியது. நான் விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குச் சாட்சி தேடித் திரிந்திருக்கிறேன்.

திட்டமிடும் ஒழுங்கு

அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது.

முதலாவது, நிய்யத். இந்த ஆய்வை நான் ஏன் செய்கிறேன் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். புள்ளிக்காக என்பதும் நேர்மையான விடைதான். ஆனால் அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லையென்றால் வேறு விடயம் தேடுவது நல்லது.

இரண்டாவது, வினா. ஒரு பிரதான வினா, அதற்குள் இரண்டு அல்லது மூன்று துணை வினாக்கள் போதும். "எவ்வாறு", "என்ன அனுபவம்", "எப்படி விளங்கிக்கொள்கின்றனர்" என்பன பண்புசார் வினாக்களுக்கு ஏற்ற சொற்கள். அன்று என் வினா இவ்வாறு அமைந்தது: பழைய தெல்தெனியவில் வாழ்ந்த பெண்கள் அவ்வூரை இன்று எவ்வாறு நினைவுகூர்ந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்கின்றனர்?

மூன்றாவது, யார், எங்கே, எத்தனை பேர்? பண்புசார் ஆய்வில் எண்ணிக்கையைவிட ஆழமே முக்கியம். அடுத்தடுத்த நேர்காணல்களில் புதிதாக ஒன்றும் வராத நிலையை நிறைவுநிலை என்பர். மாணவி ஒருவர் ஆறு முதல் பத்துப் பேருடன் தொடங்கி அந்நிலையைக் கவனிக்கலாம். பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய இடமாகத் தெரிவு செய்யுங்கள்.

நான்காவது, அனுமதி. என்ன செய்யப்போகிறோம், யார் வாசிப்பார்கள் என்பதை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். குரலைப் பதிவு செய்யத் தனியாகக் கேட்க வேண்டும். விரும்பாத வினாவுக்குப் பதில் சொல்லாமல் விடலாம், இடையில் விலகவும் செய்யலாம் என்று சொல்ல வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊரில், இன்ன கடைக்காரரின் மூத்த மகள் என்று எழுதினாலே ஆளைத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, பதிவு. கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். அவர் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதைப் பிரித்துக் குறியுங்கள். ஹதீஸ் கலை படித்த எமக்கு இது புதிதல்ல. யார் யாரிடமிருந்து அறிவித்தார் என்பதை ஆராயும் ஒழுங்கு அங்கே நுட்பமாக வளர்ந்திருக்கிறது.

ஆறாவது, பகுப்பாய்வு. எழுதியவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒத்த கருத்துகளுக்கு ஒரே குறியீடு இட்டு, அவற்றைச் சில கருப்பொருள்களாகத் தொகுக்க வேண்டும். என் ஆய்வில் கிணறு, கடைத்தெரு, அயலவர், ஊரை விட்டு வந்த நாள் என்ற நான்கும் அவ்வாறு தாமாகத் திரண்டன.

பன்னிரண்டு வாரங்கள் இருந்தால், வினாவுக்கு இரண்டு, அனுமதிக்கு ஒன்று, நேர்காணலுக்கு நான்கு, பகுப்பாய்வுக்கு இரண்டு, எழுதுவதற்கு இரண்டு, திருத்தத்துக்கு ஒன்று எனப் பங்கிடலாம். நோன்பு மாதமும் பரீட்சைக் காலமும் எங்கே விழுகின்றன என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு இடுதல்

வேலைத் தலைப்பு ஒன்றோடு தொடங்குங்கள். இறுதித் தலைப்பைப் பகுப்பாய்வின் பின் இடுங்கள். அதில் விடயம், மக்கள், இடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தேவையான இடத்தில் காலமும் வேண்டும்.

பெரிய ஆய்வாளர்களும் இப்படித்தான் எல்லை போட்டிருக்கிறார்கள். 1961இல் வெளிவந்த எட்மண்ட் லீச்சின் நூல், புல் எலிய என்ற ஒரே ஊரின் பெயரை முதலில் வைத்து, அது இலங்கைக் கிராமம் ஒன்று என்றும், நில உரிமையும் உறவுமுறையும் பற்றிய ஆய்வு என்றும் துணைத்தலைப்பில் சொல்கிறது. கலாநிதி லோர்னா தேவராஜா கண்டி இராச்சியம் பற்றிய நூலின் தலைப்பிலேயே 1707-1760 என்று காலத்தைக் குறித்தார். 1707 என்பது குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்த ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் அரசேறிய ஆண்டு. எங்கள் ஊர் மன்னரோடுதான் அந்தத் தலைப்பின் காலம் ஆரம்பிக்கிறது.

தலைப்பில் தீர்ப்பு இருக்கலாகாது என்பதற்கு அல்பிரூனி நல்ல உதாரணம். சமஸ்கிருதம் கற்று, சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலின் நீண்ட அரபுத் தலைப்பு, இந்தியாவைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றை, அறிவு ஏற்பதாயினும் மறுப்பதாயினும், சரிபார்த்தல் என்று பொருள்படும். ஏற்பதா மறுப்பதா என்பதை அவர் தலைப்பில் முடிவு செய்யவில்லை.

"சீரழிவு", "பாதிப்பு", "வெற்றி" போன்ற சொற்கள் உங்கள் தலைப்பில் இருந்தால் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். "ஒரு பார்வை", "ஓர் ஆய்வு" என்று முடிப்பதால் எதுவும் கூடுவதில்லை. "தாக்கம்" என்ற சொல் காரணத்தையும் விளைவையும் நிறுவுவதாக வாக்களிக்கிறது. எட்டு நேர்காணல்களால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. "சமூக ஊடகங்களும் மாணவர் சமுதாயமும்" என்பது ஒரு நூலகத்துக்குரிய தலைப்பு. "கைப்பேசியில் வந்த வகுப்பறை: 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது குண்டசாலை உயர்தர மாணவிகளின் வீட்டுக் கற்றல் அனுபவங்கள்" என்பதை ஒரு மாணவி செய்து முடிக்கலாம்.

காயம் ஆறாத விடயங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகனப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையையும், அதையடுத்து நாட்டில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அதை ஆராய வேண்டும் என்று கேட்கும் மாணவிகளைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அன்று பயந்து நடுங்கிய ஒரு பிள்ளையிடம் அந்த இரவைத் திரும்பச் சொல்லச் சொல்லும் பயிற்சி மாணவியிடம் இல்லை. "மீண்டும் கடை திறந்த நாள்: 2018இன் பின்னர் திகனச் சிறு வியாபாரிகளும் அயலவரும்" என்று தலைப்பிட்டால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரு வழி இருக்கும். உதவிய சிங்கள அயலவரின் குரலும் அதற்குள் வர இடமுண்டு.

எனது இறுதித் தலைப்பு

"நீருக்கடியில் ஒரு முற்றம்: பழைய தெல்தெனியவிலிருந்து குண்டசாலைப் பிரதேசத்துக்கு வந்த முஸ்லிம் பெண்களின் ஊர் நினைவுகள்." இதை மேற்பார்வையாளரிடம் கொடுப்பதற்கு முன் அந்த உம்மம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். "இது எங்கட கததான்" என்றார். பிறகு, எட்டுப் பேரும் யார் யார் என்று விசாரித்தார். பெயர் சொல்ல முடியாது என்றேன். சிரித்துக்கொண்டு, "அப்ப சரி, என்டதயும் சொல்லிப்போட வாணாம்" என்றார்.

மாணவிகளே, உங்கள் தலைப்பை ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு முன், அது யாரைப் பற்றியதோ அவர் முன்னால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாசிக்கக் கூச்சமாக இருந்தால் அதைத் திருத்துங்கள். அவர்கள் சொன்னது எம்மிடம் தரப்பட்ட அமானிதம். தலைப்பும் அதற்குள் அடங்கும்.

இன்னொன்று. அணை திறக்கப்பட்டபோது முப்பது வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருப்பார். தலைப்புக் கேட்டு என்னிடம் வருமுன் அவரிடம் ஒரு பின்னேரம் போய் இருங்கள். திரும்பி வரும்போது உங்கள் கையில் ஒரு வினா இருக்கும், இன்ஷா அல்லாஹ். அந்த வினாவோடு வாருங்கள். இருவரும் சேர்ந்து தலைப்பைப் பார்ப்போம்.